இரண்டு பேர் சேர்ந்து வீட்டிலிருந்தே டெக்பில்டர் கேம் செய்ய முடியுமா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: ஸ்லே த ஸ்பயர், பாலாட்ரோ மாதிரி சீட்டுக்கட்டு கேம்களை ஒருவர், இருவர் சேர்ந்து செய்து உலகம் முழுக்க விற்கிறார்களே, இந்த வகை மட்டும் ஏன் சின்னக் குழுக்களுக்குக் கைகொடுக்கிறது? அவருக்கும் நண்பருக்கும் கோடிங் வரும், படம் வரைய வராது. பெங்களூருக்குப் போகாமல் வீட்டிலிருந்தே செய்து, தமிழிலும் வெளியிடலாமா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இதில் எந்த வேலையை நாமே முடித்துவிடலாம், எந்த வேலை நம்மை விழுங்கிவிடும்? அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் இந்த வகை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் காரணம் அதிலேயே இருக்கிறது. ரம்மியில் கட்டு எல்லோருக்கும் பொது. டெக்பில்டரில் கட்டு உங்களுடையது, ஆட ஆட அதை நீங்களே சேர்த்துக் கட்டுகிறீர்கள். மேசையில் இதற்கு வடிவம் கொடுத்தது 2008இல் டொனால்ட் வாக்கரினோ உருவாக்கிய டொமினியன். ஆளுக்கு 10 சீட்டு, அதில் 7 செம்புக்காசு, 3 பண்ணை. ஒவ்வொரு முறையும் 5 சீட்டு எடுப்பீர்கள். வாங்கிய புதுச் சீட்டு உடனே கைக்கு வராது. கழித்துப்போட்ட குவியலுக்குப் போய், கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்போதுதான் வரும். 2014இல் பீட்டர் வேலன் என்பவர் டிரீம் குவெஸ்ட் கேமில் இந்த முறையைத் தனி ஆள் ஆடும் பாதாளப் பயணத்தோடு சேர்த்தார். படங்கள் சின்னப்பிள்ளை கிறுக்கியது போல இருந்தன. ஆனாலும் ஆடியவர்கள் விடவில்லை, அவர் பிறகு ஹார்த்ஸ்டோன் என்ற ஆன்லைன் சீட்டு கேமின் குழுவில் வேலைக்கும் போனார். அந்த வழியில் அந்தோணி ஜியோவனெட்டி, கேசி யானோ இருவரும் ஸ்லே த ஸ்பயரை 2017 நவம்பரில் ஏர்லி ஆக்ஸஸாகவும் (முழுதாக முடியும் முன்பே விற்பது) 2019 ஜனவரியில் முழுதாகவும் வெளியிட்டார்கள். 2020இல் மான்ஸ்டர் டிரெயின், 2021இல் இன்ஸ்கிரிப்ஷன் (லுடம் டேர் என்ற குறுங்காலப் போட்டிக்குச் செய்த சின்ன கேமிலிருந்து வளர்ந்தது இது), 2024 பிப்ரவரியில் பாலாட்ரோ. கடைசியாகச் சொன்னது கனடாவில் பெயர் வெளியிடாத ஒரே ஆள், லுவா மொழியில், லவ் என்ற இலவச எஞ்சினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) செய்தது. 2025 ஜனவரிக்குள் 50 லட்சம் பிரதி விற்றது.

ஏன் சின்னக் குழுக்களுக்கு என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது செலவுக் கணக்கு. நடக்க, குதிக்க, சண்டைபோட அனிமேஷன் வேண்டாம். பெரிய மேப் வேண்டாம். அசையாத படமும் எழுத்தும் எண்ணும் போதும். ஒரு சீட்டு என்பது ஒரு பெயர், ஒரு விலை, இரண்டு எண், ஒரு வரி விதி. ஆனால் அந்தச் சீட்டு மற்ற எல்லாச் சீட்டுகளோடும் சேர்ந்து வேலை செய்கிறது. 30 சீட்டு எழுதினால் 435 ஜோடி கிடைக்கிறது. உழைப்பு கூட்டலில் ஏறும்போது விளையாட்டு பெருக்கலில் ஏறுகிறது. கடைக்கதவு திறந்ததும் உறுதியானதுதான்: 2017இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை பழைய ஓட்டெடுப்பு முறையை எடுத்துவிட்டு, கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்றது. இதற்கு மேல் சொல்வது என் கணிப்பு. ‘காட்டிய மூன்று சீட்டில் எதை எடுப்பது’ என்பது போன்ற கேள்வி நொடிக்கு நொடி வருவதால், ஸ்ட்ரீம் (ஒருவர் ஆடுவதை நேரலையில் காட்டுவது) பார்ப்பவரும் கூடச் சேர்ந்து வாதாடலாம். ஸ்லே த ஸ்பயர் முதல் சில வாரங்கள் மந்தமாக இருந்து, ஸ்ட்ரீமர்கள் ஆடத் தொடங்கியபின் ஏறியது இதற்குப் பொருந்துகிறது. ஹார்த்ஸ்டோன் போன்றவற்றில் காசு கொடுத்துப் பாக்கெட் பாக்கெட்டாகச் சீட்டு வாங்கிச் சலித்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள் என்றும் நினைக்கிறேன். அதை நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது. நாம் பெயர் சொல்லும் ஐந்தாறு கேம்களும் கரையேறியவை என்பதையும் மனதில் வையுங்கள். மூழ்கியவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது.

விழுங்கும் வேலை எண்களில்தான் இருக்கிறது. ஸ்லே த ஸ்பயரின் முதல் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் 80, கட்டில் 10 சீட்டு: 6 சேதம் தரும் வெட்டு 5, 5 கவசம் தரும் தடுப்பு 4, 8 சேதத்தோடு, எதிரி அடுத்து வாங்கும் சேதத்தையும் கூட்டும் அடி 1. ஒரு சுற்றுக்கு 5 சீட்டு, 3 சக்தி. மூன்று வெட்டு போட்டால் 18 சேதம். ஆரம்ப எதிரிகளில் ஒன்றுக்கு உயிர் 40 முதல் 44. அது கடித்தால் 11 போகும். தடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் மூன்று சுற்றில் முடியும், ஆனால் அடி வாங்குவீர்கள். பாதி தடுத்தால் நாலைந்து சுற்று ஆகும். சண்டை முடிந்ததும் 6 உயிர் திரும்பக் கிடைக்கும். ஆகவே 6க்குள் இழந்தால் நட்டமில்லை, அதற்கு மேல் இழப்பதுதான் விலை. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதும் அதன் தலைக்கு மேல் தெரியும், அதனால் தோற்றவர் அதிர்ஷ்டத்தைத் திட்டாமல் தன் முடிவை யோசிக்கிறார். இந்த ஐந்தாறு எண்களும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. கவசத்தை 5இலிருந்து 6 ஆக்கினால் இரண்டு தடுப்பில் 12 வந்துவிடும், 11 கடி செத்துப்போகும். ஒரே எண்தான் மாறியது, முதல் பகுதி முழுக்கச் சப்பென்று ஆகிவிடும்.

அதனால் கோடு (நிரல்) எழுதுவதற்கு முன் காகிதத்தில் ஆடுங்கள். திருப்பூரில் சாம்பிள் பீஸ் அப்ரூவ் ஆகாமல் கட்டிங்குக்குத் துணி விரிக்கமாட்டார்கள், அந்த ஒழுங்குதான் இங்கும். ஸ்டேஷனரிக் கடையில் அச்சடிக்காத விசிட்டிங் கார்டு ஒரு கட்டு, பென்சில், ரப்பர், ஒரு தாயக்கட்டையோ பகடையோ, உயிரும் சக்தியும் எண்ணப் புளியங்கொட்டை. ஆரம்பச் சீட்டு 10, பரிசுச் சீட்டு 30, எதிரி 6, கடைசிப் பெரிய எதிரி 1. இதற்கு மேல் எழுதாதீர்கள். ஒரு ரன் (தொடக்கத்திலிருந்து ஜெயிக்கும்வரை அல்லது தோற்கும்வரை ஒரு முழு ஆட்டம்) 8 சண்டை, ஒவ்வொன்றும் முடிந்தபின் 3 சீட்டு காட்டி ஒன்றை எடுக்கவோ எதுவும் வேண்டாம் என்று தள்ளவோ விடுங்கள். 20 ரன் ஆடி ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை சுற்று, எவ்வளவு உயிர் போனது, எந்தச் சீட்டைத் தள்ளினார்கள். ஆடுபவர் ஒரு நொடியில் சீட்டை எடுத்துவிட்டால் அங்கே தேர்வு என்று ஒன்று இல்லை என்று அர்த்தம். வீட்டில் ரம்மி ஆடும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் அவரை உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த இடத்தில் ‘இது என்ன?’ என்று கேட்கிறாரோ அங்கே விதி சரியாக எழுதப்படவில்லை. எண்கள் ஒரு நிலைக்கு வரும்வரை அச்சடிக்க வேண்டாம். வந்தபின் 12×18 அங்குல ஷீட்டில் 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு இடைவெளி விட்டே 18 சீட்டு அடங்கும். பனியனுக்கு டேக் அடிக்கும் டிஜிட்டல் பிரஸ்ஸிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

30க்கு மேல் வேண்டாம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் சறுக்கும் இடம் அதுதான். கேம் சுவாரசியமாக இல்லை என்றதும் புதுச் சீட்டு சேர்ப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சீட்டிலிருந்து மூன்று மூன்றாக 8 முறை காட்டினால், நீங்கள் ஆசையாகச் செய்த ஒரு ஜோடியின் இரண்டு சீட்டும் ஒரே ரன்னில் கண்ணில் படும் வாய்ப்பு ஏறக்குறைய 32 சதவீதம். அதையே 75 சீட்டாக்கினால் 7.5 சதவீதத்துக்கு விழுகிறது. சீட்டு கூடக்கூட ஜோடிகள் சந்திப்பதே இல்லை. பெரிய கேம்கள் இதைக் கடை, அபூர்வ அளவு, நீண்ட ரன், ஒரே வேலையைச் செய்யும் பல சீட்டுகள் என்று நாலு வழியில் சரிக்கட்டுகின்றன. அதே கணக்கின் இன்னொரு முகம் கட்டின் பருமன்: 10 சீட்டுக் கட்டில் நல்ல சீட்டு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும், 20 சீட்டுக் கட்டில் நாலு சுற்றுக்கு ஒருமுறை. சண்டையே நாலு சுற்று என்றால் அந்தச் சீட்டை ஒரு தடவைதான் பார்ப்பீர்கள். தள்ளிவிடும் உரிமையும் பழைய சீட்டைக் கழித்தெறியும் இடமும் இல்லாத டெக்பில்டர் நடுவில் கனத்துப்போய் நின்றுவிடும்.

கோடிங்கில் முதல் விதி: ஆட்ட விதி தனி, திரை தனி. அனிமேஷன் முடிந்தபின்தான் சேதம் கழியும் என்று எழுதிவிட்டால், பின்னால் திரையில்லாமல் 10,000 சண்டையை ஓட்டிப் பார்க்க முடியாது. அது முடியாவிட்டால் சமநிலை பார்ப்பது வெறும் ஊகம். சீட்டின் விளைவுகளை உடனே செய்யாமல் வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்; ‘எல்லோருக்கும் 4 சேதம்’ என்ற சீட்டு ஓடும்போதே ஓர் எதிரி செத்து, அதன் சாவு இன்னொரு சீட்டைத் தூண்டும்போதுதான் வரிசை இல்லாத கோடு உடையும். கட்டு கலைக்க, கடைசிச் சீட்டிலிருந்து தொடங்கி, அந்த இடம்வரை உள்ளவற்றுள் ஒன்றோடு மாற்றிக்கொண்டே முன்னால் வாருங்கள். ஒவ்வொரு சீட்டையும் மொத்தக் கட்டில் எதாவது ஒன்றோடு மாற்றுவதும் பார்வைக்குச் சரிபோலத்தான் இருக்கும், ஆனால் தப்பு: 3 சீட்டுக்கு அது 27 பாதை தருகிறது, வரிசைகளோ 6, 27 ஆறால் வகுபடாது, எனவே சில வரிசை அதிகம் வரும். கலைப்பு, பரிசு, மேப் மூன்றுக்கும் தனித்தனி ரேண்டம் ஓட்டம் (குருட்டாம்போக்கு எண்களின் வரிசை) வையுங்கள், ஆனால் மூன்றையும் ஒரே விதை எண்ணில் (வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) தொடங்காதீர்கள். ஸ்லே த ஸ்பயரிலேயே அப்படி நடந்து, தொடர்பில்லாத இரண்டு நிகழ்வுகள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. விதையோடு ஓட்டத்தின் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்தால் (இரண்டையும் கலந்து புது எண்ணாக்கினால்) போதும். கைச்சீட்டுக்கு ஓர் உச்சவரம்பு, ஒரு சுற்றில் ஆடும் செயல்களுக்கு ஓர் உச்சவரம்பு. சக்தி செலவில்லாத, சீட்டும் எடுக்க வைக்கும் இரண்டு சீட்டுகள் சேர்ந்தால் முடிவில்லாமல் சுற்றும், யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கண்டுபிடிப்பார்.

சண்டைகளைத் தானாக ஆடிப் பார்க்கும் சோதனை பாட் (நிரல்) புத்திசாலியாக இருக்க வேண்டியதில்லை. எதிரி அடிக்கப்போனால் தடு, இல்லையென்றால் அடி என்ற இரண்டு வரி போதும். 6 சுற்றுக்கு மேல் இழுக்கும் சண்டையும், ஒரு முறைகூடத் தோற்காத கட்டும் அதிலேயே தெரிந்துவிடும். நுண்ணிய விஷயத்துக்கு மனிதர்கள் ஆடிய பதிவு வேண்டும். எந்தச் சீட்டு காட்டப்பட்டது, எது எடுக்கப்பட்டது, ரன் ஜெயித்ததா என்பதை ஒரு கோப்பில் எழுத வையுங்கள், ஆடுபவர் சம்மதத்தோடு. ஸ்லே த ஸ்பயர் குழு ஏர்லி ஆக்ஸஸ் காலத்தில் இப்படித்தான் சீட்டுகளைத் திருத்தியது. ஆனால் இந்த எண்கள் ஏமாற்றும். கடைசிப் பகுதியில் மட்டும் கிடைக்கும் சீட்டு ஜெயித்த கட்டுகளில் அதிகம் இருக்கும். அதன் பலத்தால் அல்ல, அங்கே வரை பிழைத்து வந்தவருக்குத்தான் அது கிடைக்கிறது. அதே சண்டைக்குப் பின் அதே சீட்டு காட்டப்பட்டு, எடுத்தவரையும் தள்ளியவரையும் ஒப்பிட்டால் ஓரளவு உண்மை தெரியும்.

தமிழில் செய்யலாமா என்பதற்கு: செய்யலாம், ஆனால் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளே முடிவெடுக்க வேண்டும். யூனிகோடில் ‘கெ’ என்பது க, பிறகு எகரக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் எழுத்து வடிவமைப்பு கோடோ என்ற எஞ்சினின் 4ஆம் பதிப்பில் உள்ளேயே இருக்கிறது. கோடோ 3இல் இல்லை. யூனிட்டி எஞ்சினின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும், பாலாட்ரோ செய்த லவ் 11இலும் தமிழ் உடைந்துதான் வரும். எந்த எஞ்சின் எடுத்தாலும் ‘கொடுமுடி, கோபி, பெருந்துறை, மேட்டுப்பாளையம், சென்னிமலை’ என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களிலேயே எல்லாக் கொம்பும் வந்துவிடுகின்றன. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், உரிமம் இலவசம். எழுத்து எழுத்தாகத் தோன்றும் விளைவு வைத்தால் குறியீடு குறியீடாகக் காட்டாமல் முழு எழுத்தாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் ‘கொ’ வருமுன் ‘க’ பளிச்சிடும்.

மொழியே கொடுக்கும் சிக்கல் இன்னொன்று. கவசம் என்ற சிறப்புச் சொல்லுக்கு நிறம் கொடுக்க அந்தச் சொல்லைத் தேடினால், ‘கவசத்தை’, ‘கவசத்தால்’ என்று வரும் இடமெல்லாம் தப்பிவிடும். வாக்கியத்தில் சொல்லோடு ஓர் அடையாள எண்ணைக் கட்டி வையுங்கள், நிறமும் விளக்கப் பெட்டியும் அந்த எண்ணைப் பார்த்து வரட்டும். எண்ணோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். ‘6 சேதத்தை ஏற்படுத்தும், 5 கவசத்தைப் பெறுவீர்கள்’ என்பதைவிட ‘சேதம் 6. கவசம் 5.’ என்பது சின்னச் சீட்டில் அடங்கும், எண் மாறினாலும் வாக்கியம் கெடாது. ஒன்று, பல என்ற தொல்லையும் பேச்சுத் தமிழில் இல்லை: ‘1 சீட்டு எடு’, ‘3 சீட்டு எடு’ இரண்டுமே சரி. ஏவலை ‘எடு’ என்றே வையுங்கள், ‘எடுத்துக்கொள்ளவும்’ என்று நீட்டினால் எழுத்து சிறுத்துப்போய் போனில் படிக்க முடியாது. விற்பனைக்கு ஆங்கிலமும் வேண்டும். இரண்டையும் முதலிலிருந்தே ஒரே அட்டவணையில் எழுதுங்கள், கோடுக்குள் ஒரு வாக்கியம்கூட இருக்கக் கூடாது.

படம் வரையத் தெரியாதது பெரிய தடையில்லை, பொருத்தமில்லாத படம்தான் தடை. ஒரே அளவு கோடு, நாலு நிறம், தெளிவான குறியீடு என்று ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்றால் எளிமையும் அழகாகிவிடும். ஏஐ படம் பயன்படுத்தினால் ஸ்டீமில் அதை அறிவிக்க வேண்டும் என்பது 2024 ஜனவரியிலிருந்து விதி. கருவுக்கு அரக்கனும் கோபுரமும் தேடி அலைய வேண்டாம். அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. மறைந்த தகவலை வைத்து ஆடும் சீட்டாட்டத்துக்கு இதைவிட நல்ல விதை வேண்டுமா? ஆனால் விரல்விலை விதியாக மாற வேண்டும். சீட்டில் மாட்டுப் படம் ஒட்டினால் மட்டும் அது கொங்குநாட்டு கேம் ஆகிவிடாது.

‘சீட்டு’ என்றதும் வீட்டில் வரும் கவலைக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் குறிவைப்பது பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கித் தனியாக ஆடும் கேமில் பந்தயம் இல்லை. நுழைவுக் கட்டணப் போட்டி, ரொக்கப் பரிசு, காசாக மாற்றக்கூடிய நாணயம் இவை மூன்றையும் உள்ளே விடாதீர்கள். விட நினைத்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள், நான் வக்கீல் அல்ல. பணமே புழங்காத பாலாட்ரோவுக்கே ஐரோப்பாவின் வயதுச் சான்றில் போக்கர் சாயலுக்காக 18+ போட்டார்கள், 2025இல்தான் 12 ஆகக் குறைத்தார்கள். அதனால் உங்கள் கேமில் சூதாட்ட மேசைத் தோற்றத்தைத் தவிர்ப்பது நல்லது.

விற்பனைப் பக்கம் சுருக்கமாக. 100 டாலர் கட்டியபின் முதல் கேம் வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும், ‘விரைவில்’ பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். ஆனால் பல மாதம் முன்பே போடுவதுதான் புத்திசாலித்தனம். வருஷத்துக்கு மூன்று முறை ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு தடவைதான் இடம், டெமோ சரியாக ஓடும்வரை அதைச் செலவழிக்காதீர்கள். விற்பனையில் ஸ்டீம் 30 சதவீதம் எடுக்கும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திருப்பிக் கேட்கலாம். ஆகவே முதல் ரன் 25 நிமிஷத்துக்குள் முடிந்து, ‘இன்னொன்று ஆடலாம்’ என்று தோன்ற வைக்க வேண்டும். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண் சரியாக இருந்தால் அமெரிக்க விற்பனைப் பங்குக்கு 15 சதவீதம் பிடித்தம், தவறினால் 30. இந்தியப் பக்கக் கணக்குக்கு ஏற்றுமதி பார்க்கும் ஆடிட்டரைப் பிடியுங்கள். ஈரோட்டிலும் திருப்பூரிலும் அதற்குப் பஞ்சமில்லை.

இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் செய்யத் திட்டமிடுங்கள், இந்த வகைக்கு அது ஒத்துவரும். காகிதத்தில் ஆடிய 20 ரன்னின் குறிப்பை இங்கே போடுங்கள் தம்பி, யாருமே எடுக்காத சீட்டுகளின் பட்டியலோடு. எண்களைப் பார்த்து அடுத்ததைப் பேசலாம்.